குடைத்துணிக் காக்கை

காக்கை கரைந்தால் வீட்டுக்கு விருந்தாளி வருவார்கள் என்பார்கள். இன்று காலையிலிருந்து எங்கள் தெருவில் ஒரு காக்கை கூடக் கரையவில்லை. ஆனாலும் நீங்கள் வந்துவிட்டீர்கள். உட்காருங்கள், இன்ஸ்பெக்டர் சார். அந்த நாற்காலி வேண்டாம், நேற்றுதான் வார்னிஷ் அடித்தேன், பேண்ட்டில் ஒட்டிக்கொள்ளும். உங்களுக்கு டீ போடுகிறேன். எனக்கு வேண்டாம். மாடியில் ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது, அது முடியாமல் நான் வாயில் எதுவும் போடுவதில்லை.

நீங்கள் பொம்மையைப் பற்றித்தான் கேட்கப்போகிறீர்கள். பக்கத்து வீட்டு ஷரீபா சொல்லியிருப்பாள். நல்ல பெண், மனதில் ஒன்றை அடக்கி வைத்துக்கொள்ளத் தெரியாது. அவள் என் அக்கா மகன் வெற்றிச்செல்வனிடம் சொல்லியிருப்பாள், அவன் பிரான்ஸிலிருந்து உங்களுக்குப் போன் போட்டிருப்பான். எனக்கு யார்மீதும் வருத்தமில்லை. சொல்லப்போனால், அந்தப் பொம்மையை எப்படிச் செய்தேன் என்று இதுவரை ஒருவர் கூட என்னைக் கேட்டதில்லை. முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

நம்ம ஊர் மேட்டுப்பாளையத்தில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் அச்சு செய்யும் பிரிவில் இருந்தேன். ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் நான் பிறந்து வளர்ந்த தெருவையே கண்ணால் பார்த்தேன். முத்தியால்பேட்டையில் என்ன பறவை, என்ன மிருகம் என்று கேட்பார்கள். சுவரோடு சுவர் ஒட்டின வீடு, எதிரே ஸ்கூட்டர் வந்தால் ஆள் ஒதுங்க வேண்டிய சந்து. ஆனால் பார்க்கிறவனுக்கு எல்லாம் இருக்கிறது. சாக்கடை ஓரமாக ஒரு கீரிக் குடும்பம் போகும். கேபிள் ஒயர் மேல் மரநாய் நடக்கும். ஷரீபாவின் புருஷன் ஜாகிர் பை தைக்கிற கடை வைத்திருக்கிறார், அந்தக் கடை போர்டுக்குப் பின்னால் சிட்டுக்குருவி குடியிருக்கிறது. அவருக்கே அது தெரியாது. இந்த ஊரில் மனிதனைத் தவிர மற்றவையெல்லாம் அடக்கமாகத்தான் வாழ்கின்றன.

அவற்றுக்கு என் கையால் ஆனதைச் செய்தேன். பிவிசி குழாயை அறுத்து அணிலுக்குத் தீனி வைக்க ஒரு ஏற்பாடு. கொட்டாங்கச்சியில் தண்ணீர்க் கிண்ணம். பழைய ஷாம்பு பாட்டிலைக் கழுவி, வாயில் சிவப்பு டேப் சுற்றி, சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தேன்சிட்டுக்குத் தொங்கவிட்டேன். முன்பக்கப் பால்கனியில் மணிப்ளான்ட் தொட்டி ஒன்று தொங்குகிறது, வரும்போது பார்த்திருப்பீர்கள். அதில் கொண்டைக்குருவி கூடு கட்டியது. வெயில் அடிக்காமல் மூங்கில் தட்டியில் அதற்கு ஒரு சின்னக் கூரை போட்டேன். கை எட்டும் தூரத்தில் நான் நின்றாலும் தாய்க்குருவி பறக்காது. என்னை அப்படி நம்பிய ஜீவன் வேறெதுவும் இல்லை என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

அப்புறம்தான் அக்கா வந்தாள். செல்வாம்பாள், எனக்கு மூத்தவள். அவள் புருஷன் பக்கிரி மாமா போனபிறகு, மகன் கூப்பிட்டும் பிரான்ஸுக்குப் போகவில்லை. "அந்தக் குளுருல என்னால ஆவாதுடா. உனக்கும் ஒரு ஆளு தொணைக்கு வேணும்ல" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். துணை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அம்மா செத்தபிறகு என்னை வளர்த்தது அவள்தான். சட்டை நிறத்திலிருந்து எனக்கு எல்லாம் அவள் முடிவுதான். கம்பெனியில் கலைவாணி என்று ஒரு பெண் இருந்தது. அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்று ஒருமுறை வாய் திறந்து சொன்னேன். "அது நம்ம வூட்டுக்குச் சரிப்பட்டு வராது கோபி" என்றாள் அக்கா. மாமா சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டினார். பேச்சு அத்தோடு முடிந்தது. கோபத்தை மனதில் வைத்திருந்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். எனக்குக் கோபம் வருவதில்லை.

காக்கைக்குச் சோறு வைப்பது எல்லார் வீட்டிலும் உண்டு. மற்றவர்கள் வைத்துவிட்டு இறங்கி வந்துவிடுவார்கள். அக்கா நின்று பார்ப்பாள். காக்கை வந்து அலகில் எடுக்க வேண்டும், அப்புறம்தான் கீழே வந்து தட்டைப் போடுவாள். "உங்க மாமா வந்துட்டாருடா. இன்னிக்கு வத்தக்கொழம்பு அவருக்குப் புடிச்சிப் போச்சு" என்பாள். அவள் முகத்தில் அப்போது அவ்வளவு சந்தோஷம் இருக்கும். மாமா உயிரோடு இருந்தபோது நான் அதைப் பார்த்ததில்லை. ஒரு காக்கைக்கு வைத்தால் ஒன்று மட்டுமா வரும்? தெருக் காக்கையெல்லாம் எங்கள் மாடிக்கு வந்தது. மாடிக்கு வந்தது முன்பக்கப் பால்கனிக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?

போன வருடம் என் கண் முன்னாலேயே நடந்தது. கூரையை அலகால் தள்ளிவிட்டு, கூட்டிலிருந்த குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போயின. இன்னும் கண் திறக்காத குஞ்சுகள். நான் துண்டை வீசிக்கொண்டு ஓடுவதற்குள் கூடு காலி. தாய்க்குருவி ஒயரில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தது. அக்கா வெளியே வந்து பார்த்தாள். "உங்க மாமாவுக்குக் கறி மேல ஆசை வந்துடுச்சு போல. வெறும் சோத்தையே எத்தினி நாளு தின்பாரு?" என்று சிரித்தாள்.

உள்நோக்கம் வைத்துச் சொல்லவில்லை சார். அவள் சுபாவம் அது. நானும் சிரித்தேன். ஆனால் அன்று எனக்கு நெஞ்சு வலித்தது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

இடையில் அவள் சர்க்கரை வியாதியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கை நடுங்குவதால் காலை ஊசியை நான்தான் அவளுக்குப் போடுவேன். ஊசி போட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும். ஒரு பெருமழை நாளில் ஊசி போட்ட பிறகு காக்கை வரவே இல்லை. அக்கா சாப்பிடாமல் குடையைப் பிடித்துக்கொண்டு மாடியில் நின்றாள். கீழே இறங்கியபோது உடம்பெல்லாம் வியர்வை, நாக்கு குழறியது, என்னைப் பார்த்து "நீ யாருப்பா" என்று கேட்டாள். சர்க்கரையைக் கரைத்து வாயில் ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டாள். டாக்டர் என்னைத்தான் திட்டினார்.

"அம்மா சாப்பிட ஒக்காந்தப்புறம் ஊசியக் கையில எடுங்க சார். போட்டுட்டு சாப்பிடாம வுட்டீங்கன்னா ஆளே போயிடும். வயசானவங்க, தாங்க மாட்டாங்க."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் முதலில் காக்கை, அப்புறம் ஊசி, அப்புறம் சோறு. சர்க்கரை டப்பா எப்போதும் அடுப்பு மேடை ஓரத்தில், அவள் கைக்கு எட்டும்படி. அந்த வரிசை எனக்கு மனப்பாடம்.

பொம்மைக்கான யோசனை நோணாங்குப்பத்தில் கிடைத்தது. போட் ஹவுஸைத் தாண்டி ஆற்றோரமாக நடந்தால் நாரை, கொக்கு, மீன்கொத்தி எல்லாம் பார்க்கலாம் என்று அடிக்கடி போவேன். அங்கே சாமிக்கண்ணு என்று ஒருவர் கருவாடு காய வைப்பார். ஒரு கம்பை நட்டு, அதில் ஒரு செத்த காக்கையைத் தலைகீழாகக் கட்டியிருந்தார். அவ்வளவு மீன் கிடந்தும் ஒரு காக்கை இறங்கவில்லை.

"சுத்திச் சுத்திக் கத்தும் சார், எறங்காது. எழவு வூட்டுல சாப்பிட ஒக்காருமா?" என்றார் சாமிக்கண்ணு. "என்னா, ரெண்டு நாளுல நாறிடும். அதான் தொல்ல."

நாறாத காக்கையை நான் செய்தேன். பழைய குடைத்துணி, உள்ளே தெர்மாகோல், இறக்கைக்குக் குடைக் கம்பி. எங்கள் மாடியில் உதிர்ந்து கிடந்த நிஜச் சிறகுகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாக ஒட்டினேன். முதலில் செய்தது சரியாக வரவில்லை. உயிருள்ள காக்கை போல இருந்தது, கூட்டாளி என்று நினைத்து ஒரு காக்கை பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தது. செத்தது போல இருக்க வேண்டும், அதுதான் சூட்சுமம். கழுத்து ஒடிந்து தொங்க வேண்டும். ஒரு இறக்கை விரிந்து, மற்றது மடங்கி. கழுத்தை மட்டும் எத்தனை தடவை பிரித்துப் பிரித்துத் தைத்தேன் என்று எனக்கே தெரியாது. இதோ, அலமாரியில் வைத்திருக்கிறேன். கையில் வாங்கிப் பாருங்கள், கடிக்காது. கம்பெனியில் இத்தனை வருடம் செய்த எந்த அச்சும் இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை.

இந்த வருடம் மாசியில் கொண்டைக்குருவி மறுபடி வந்தது. குஞ்சு பொரித்த அன்று பொம்மையைப் பால்கனியில் கட்டினேன். தெருவே அதிர்கிற மாதிரி காக்கைகள் கூடிக் கத்தின, பிறகு கலைந்தன. அன்று அக்கா வைத்த சோற்றைக் கூட ஒன்றும் தொடவில்லை. அக்கா மத்தியானம் தாண்டியும் பட்டினி கிடந்தாள். ஊசி போடாததால் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் முகம் செத்துவிட்டது.

"காக்காவக் கட்டித் தொங்கவுடறது பாவம்டா. அது யாரு தெரியுமா? உங்க மாமாடா. எனக்குப் பயமா இருக்குது, அதக் கழட்டிடு" என்றாள்.

நான் இடத்தை மாற்றிக் கட்டினேன், மாடியிலிருந்து தெரியாதபடி. அக்கா கண்ணில் புரை இருந்தது. தூரத்தில் கறுப்பாக ஒன்று தொங்கினால் துணியா, காக்கையா என்று அவளுக்குத் தெரியாது. சில நாளில் காக்கைகள் மாடிக்கு மட்டும் திரும்ப வந்தன. அக்காவுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. கை பழகிவிட்டதால் இன்னும் மூன்று பொம்மைகள் செய்தேன். குஞ்சுகளின் பாதுகாப்புக்குத்தான். எதற்கும் இருக்கட்டுமே என்று.

மாமாவின் திதி சித்திரையில் வந்தது. அக்காவுக்கு அது பெரிய நாள். அன்று காக்கை சாப்பிடாமல் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டாள். விடியற்காலையிலேயே குளித்து வடை, வெல்லப் பாயசம், சாம்பார், எல்லாம் அவள் கையாலேயே. நான் அன்று நோணாங்குப்பம் போவதாகச் சொன்னேன். நாரைக் கூட்டம் வந்திருக்கிறது, வெயில் ஏறினால் பார்க்க முடியாது, படையலுக்குள் வந்துவிடுகிறேன் என்றேன்.

"திதியும் அதுவுமா கொக்கு பாக்கப் போறியா? நல்லா இருக்குதுடா. போ போ, உனக்கு மனுசாள விட அதுதான் ஒசத்தி" என்றாள்.

"ஊசிய இப்பவே போட்டுட்டுப் போறேன்க்கா. நான் வர நேரமானா அப்புறம் யாரு போடுவா?" என்றேன்.

கரண்டியை வைத்துவிட்டுச் சேலையை விலக்கிக் கையை நீட்டினாள். "போடு. இதோ சோறு வெந்துடும். உங்க மாமா என்னக் காக்க வெக்க மாட்டாரு."

அளவைக் கூட்டவில்லை. டாக்டர் சொன்ன அளவுதான். துளி கூட மாறவில்லை. அது முக்கியம் என்று நினைக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முன் மாடிக்குப் போய்ப் பொம்மைகளைக் கட்டினேன். தண்ணீர் டேங்குக்குப் பின்னால் இரண்டு, வேப்பங்கிளையில் ஒன்று, கைப்பிடிச் சுவருக்கு வெளியே ஒன்று. பிறகு கடலூர் பஸ் ஏறினேன். நாரைகள் நிறைய வந்திருந்தன. வெகுநாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது. சாமிக்கண்ணுவோடு டீ குடித்தேன்.

வீட்டில் நடந்தது நான் பார்த்ததில்லை, ஷரீபா சொல்லித்தான் தெரியும். அவள் துணி காயப்போட மாடிக்கு வந்திருக்கிறாள். அக்கா வாழையிலையைச் சுவர்மேல் வைத்துவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டு நின்றாளாம். மேலே காக்கைகள் வட்டமடித்துக் கத்துகின்றன, ஒன்றும் இறங்கவில்லை. "அக்கா, வெயிலு கொளுத்துது. ஏதாச்சும் வாயில போட்டுக்கினு வந்து நில்லுங்களேன்" என்று ஷரீபா சொல்லியிருக்கிறாள். அதற்கு அக்கா, "இத்தினி பேரு வந்து பாக்குறாங்க, ஒருத்தரும் எறங்கலியே ஷரீபா. அவருக்கு நான் என்னா கொறை வெச்சேன்?" என்று கேட்டாளாம். சொல்லும்போது ஷரீபா அழுதாள். ஜாகிருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அவள் கடைக்குப் போய்விட்டதால் அதற்குமேல் அவளுக்கும் தெரியாது.

நான் வந்தபோது அக்கா அடுப்படியில் கிடந்தாள். சர்க்கரை டப்பா திறந்து பக்கத்தில் உருண்டிருந்தது. அது காலி. முதல்நாள்தான் வீட்டிலிருந்த சர்க்கரை முழுவதையும் தேன்சிட்டுப் பாட்டிலில் கரைத்தேன். கோடைக்காலம், சிட்டுக்குத் தாகம் அதிகம். கடையில் வாங்கிவர மறந்துவிட்டேன். அடுப்பின் மேல் பாயசம் தட்டு மூடியபடி அப்படியே இருந்தது. ஒரு கரண்டி குடித்திருந்தால் பிழைத்திருப்பாள். படையலுக்குச் செய்தது, காக்கை தொடுவதற்கு முன்னால் தொடவில்லை. அது அவள் எடுத்த முடிவு அல்லவா? யோசித்துப் பாருங்கள்.

உடம்பைப் பார்த்ததும் முதலில் மாடிக்கு ஏன் போனேன் என்று கேட்பீர்கள். காலையில் ஷரீபா தன் மாடியிலிருந்து என்னவென்று தெரியாமல் பார்த்த நான்கு கறுப்பு உருவமும் சாயங்காலம் இல்லை, அதுதானே சந்தேகம்? மாடிக்குப் போனேன், அவிழ்த்தேன், பரணில் வைத்தேன், அப்புறம் இறங்கி வந்து சத்தம் போட்டேன். திதி நாளில் சொந்தக்காரர்கள் வருவார்கள். வீடு பார்க்க ஒழுங்காக இருக்க வேண்டும் இல்லையா? மூன்றைப் பிறகு எரித்துவிட்டேன். முதல் பொம்மையை எரிக்க மனம் வரவில்லை.

குஞ்சுகளுக்காகத்தான் செய்தேன் என்பதில் நான் மாறவில்லை. காக்கைகளைத்தான் விரட்டினேன், அக்காவைத் தொடக்கூட இல்லை.

என்ன பார்க்கிறீர்கள்? ஓ, அந்தக் கண்ணாடிப் பெட்டியா? அது கொண்டைக்குருவிக் கூடுதான். நான்தான் எடுத்து வைத்தேன். எவ்வளவு அழகாக முடைந்திருக்கிறது பாருங்கள், ஜாகிர் தைக்கிற பையில் தொங்கும் நூல் கூட அதில் இருக்கிறது.

எப்போது எடுத்தேன் என்றா கேட்கிறீர்கள்?

பங்குனியில். குஞ்சுகள் எல்லாம் நல்லபடியாகப் பறந்துபோன மறுநாள். ஆமாம் சார், திதிக்கு முன்னால்தான். சித்திரையில் பால்கனியில் காப்பாற்ற ஒன்றுமில்லை. அந்த மூன்று பொம்மையும் கூடு காலியான பிறகு செய்தவை. காக்கை இறங்காது என்று தெரியும். காக்கை இறங்காமல் அக்கா சாப்பிட மாட்டாள் என்று தெரியும். ஊசி போட்டபின் சாப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் எனக்குத்தான் சொன்னார். எல்லாம் தெரிந்துதான் கையைப் பிடித்து ஊசி போட்டேன். இதை இப்படி நேராகச் சொல்லிவிடுவது சுலபமாகத்தான் இருக்கிறது.

கருமாதி அன்று நடந்ததை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெற்றிச்செல்வன் வந்திருந்தான். சோற்றுருண்டையை நான் சுவரில் வைத்துவிட்டு நின்றேன். எதிர்வீட்டு டேங்க் மேல் காக்கைகள் வரிசையாக உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றும் வரவில்லை. வெற்றிச்செல்வன் விக்கி விக்கி அழுதான். அடுத்த மாடியிலிருந்து ஷரீபா, "அண்ணே, நீங்க கொஞ்சம் கீழ போய்ப் பாருங்களேன்" என்றாள். அவள் பார்வை சரியாக இல்லை. நான் படியில் பாதி கூட இறங்கவில்லை, மேலே இறக்கைச் சத்தம் கேட்டது. அக்காவுக்கு மனசில் ஒரு குறையும் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அதிலிருந்து தினமும் நானும் வைக்கிறேன். அவள் செய்கிற மாதிரியே வத்தக்குழம்பு வைத்துப் பிசைந்து, அதே சுவரில். ஒரு நாளும் வரவில்லை. இருட்டும்வரை நின்று பார்த்துவிட்டு, காய்ந்த சோற்றை எடுத்துப் போட்டுவிட்டுத்தான் சாப்பிடுகிறேன். காக்கைக்கு ஒருமுறை பார்த்த முகம் மறக்காது என்கிறார்கள். வெயில் காலம், தண்ணீர் இருக்கிற பக்கம் போயிருக்கும், அவ்வளவுதான்.

டீ ஆறுகிறது, குடியுங்கள். சட்டையை மாட்டிக்கொண்டு உங்களோடு வருகிறேன், அதற்கு முன் ஒருமுறை மேலே போய்ப் பார்த்துவிடுகிறேன். இன்று வந்திருப்பாள். நான் சாப்பிடாமல் அக்கா ஒருநாளும் சாப்பிட்டதில்லை சார், என்னைப் பட்டினி போட அவளுக்கு மனசு வராது.